எண்ணெய்ப் பலகையும் வாக்குப் பெட்டியும்

2008 ஜூன் 4ஆம் தேதி மாலை. அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி ஓர் அறிவிப்பு செய்தார். நள்ளிரவு கடந்ததும் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாகும். டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசாகும். செய்தி பரவிய சிறிது நேரத்திலேயே நாடெங்கும் எண்ணெய் நிலையங்களில் வரிசை சாலைவரை நீண்டது. பன்னிரண்டு மணிக்குள் தொட்டியை நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரம். நாற்பது லிட்டர் நிரப்பினால் 31 வெள்ளி 20 காசு மிச்சம். அதற்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கவும் மக்கள் தயாராக இருந்தார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் நாட்டின் 12ஆவது பொதுத் தேர்தல் நடந்திருந்தது. மார்ச் 8ஆம் தேதி தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. ஐந்து மாநிலங்களில் எதிர்க்கட்சிகள் ஆட்சி அமைத்தன. ஆட்சிக்கு வந்தால் பெட்ரோல் விலையைக் குறைப்போம் என்பது அத்தேர்தலில் எதிர்க்கட்சிகளின் முக்கியமான வாக்குறுதிகளுள் ஒன்று. ஆளும் தரப்போ தேர்தல் முடியும்வரை விலையைத் தொடவில்லை. ஆக, ஒருவர் குறைப்பதாகச் சொன்னார், மற்றவர் ஏற்றுவதைத் தள்ளி வைத்தார். உண்மைக் கணக்கை மக்கள் முன் வைத்துப் பேசியவர் எவரும் இல்லை.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. ஜூலை மாதத்தில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 அமெரிக்க டாலர்வரை ஏறியது. அமெரிக்காவில் வங்கிகள் சரிந்ததும் அதே எண்ணெய் மடமடவென்று விழுந்தது. இங்கேயும் விலையைப் படிப்படியாகக் குறைத்து, டிசம்பருக்குள் 1 வெள்ளி 80 காசுக்குக் கொண்டுவந்தார்கள். ஆறே மாதத்தில் ஒரு சுற்று. ஆனால் ஏறியபோது எழுந்த கோபம் இறங்கியபோது இறங்கவில்லை.

நம்ம எண்ணெய், நமக்கு ஏன் விலை?

காப்பிக் கடையில் எப்போதும் எழும் கேள்வி இது. மலேசியாவில் எண்ணெய் கிடைக்கிறது, பெட்ரோனாஸ் இருக்கிறது; பிறகு எங்கோ நடக்கும் போருக்கு இங்கே ஏன் விலை ஏற வேண்டும்? நியாயமான கேள்விதான். பதில் மட்டும் கொஞ்சம் கசப்பானது.

கிணறு யாருடையதாக இருந்தாலும் பீப்பாய்க்கு விலை வைப்பது உலகச் சந்தை. 100 டாலருக்கு வெளியே விற்கக்கூடிய எண்ணெயை உள்நாட்டில் 60 டாலர் கணக்கில் கொடுத்தால், அந்த 40 டாலர் அரசாங்கக் கஜானாவுக்கு வராமல் போகும் பணம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்கக்கூடிய பணம் அது. 2009ஆம் ஆண்டு வாக்கில் கூட்டரசு வருமானத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு எண்ணெயோடு தொடர்புடையதாக இருந்தது. எண்ணெய் விலை ஏறினால் ஒரு கையில் வருமானம் கூடும். மறு கையால் மானியமாக அது வெளியே போகும். போதாததற்கு, நாட்டில் எரியும் பெட்ரோல் முழுவதும் இங்கேயே சுத்திகரிக்கப்படுவதில்லை. ஒரு பங்கு வெளியிலிருந்து வருகிறது, அதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். வெள்ளியின் மதிப்பு சரிந்தால் அந்தச் செலவும் கூடும்.

1983 முதல் நடப்பில் இருந்த விலை நிர்ணய முறை இந்த ஏற்ற இறக்கத்தை மறைத்து வைத்தது. உலக விலை குறைந்தபோது வரி போட்டு ஈடுகட்டுவார்கள். ஏறியபோது வரியை விட்டுக் கொடுத்து, அதற்கு மேல் மானியமும் கொடுப்பார்கள். பலகையில் உள்ள எண் மட்டும் நகராது. இப்படிப் பல ஆண்டுகள் ஓடியதால், அந்த எண்தான் பெட்ரோலின் உண்மையான விலை என்ற எண்ணம் மக்களிடம் ஊறிவிட்டது.

மானியம் என்ற காப்புறுதி

பொருளியல் படித்தவர்கள் பலர் இதை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்கி விடுவதுண்டு. அது பாதி உண்மைதான். துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் பொருளியல் அறிஞர் டேனி ரோட்ரிக் 1998இல் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார். உலக வணிகத்துக்குக் கதவை அகலத் திறந்துவிட்ட நாடுகளில் அரசாங்கச் செலவு குறையவில்லை, அதிகமாகவே இருந்தது. காரணம் எளிது. வெளியிலிருந்து அடி விழும் வாய்ப்பு கூடும்போது, யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள்.

தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கிய காலத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். லண்டனில் விலை விழுந்தால் இங்கே லயத்து வீட்டில் அடுப்பு மந்தமாக எரியும். ரப்பரிலும் ஈயத்திலும் தொடங்கி, செம்பனைக்கு மாறி, மின்னணுப் பொருள், எரிவாயு என்று உலகத்துக்கு விற்றே பிழைக்கும் நாடு இது. இப்படிப்பட்ட நாட்டில் வேலையிழப்புக் காப்புறுதி சட்டமானதே 2017இல்தான். அதுவரை சாதாரணக் குடும்பத்துக்கு அரசாங்கம் கொடுத்த பாதுகாப்பு என்ன? மலிவான பெட்ரோல், மலிவான சீனி, மலிவான சமையல் எண்ணெய். எண்ணெய் நிலையம்தான் ஏழையின் காப்புறுதி அலுவலகம்.

ஆனால் அது மோசமாகத் தைக்கப்பட்ட சட்டை. மெலிந்தவனுக்கு இறுக்கம், பருத்தவனுக்குத் தாராளம். லிட்டருக்கு 55 காசு மானியம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஐந்து லிட்டர் போடும் மோட்டார் சைக்கிள்காரருக்குக் கிடைப்பது 2 வெள்ளி 75 காசு. அறுபது லிட்டர் குடிக்கும் பெரிய வாகனக்காரருக்கு 33 வெள்ளி. பேருந்தில் போகும் கிழவிக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. 2022இல் நிதியமைச்சு வெளியிட்ட கணக்கும் இதையே சொன்னது: பெட்ரோல் மானியத்தின் ஒவ்வொரு வெள்ளியிலும் மேல்தட்டு 20 விழுக்காட்டினருக்கு 53 காசு போனது, கீழ்த்தட்டு 40 விழுக்காட்டினருக்கு வந்தது 15 காசு.

டீசல் கதை அதைவிட மோசம். 2019இல் டீசல் மானியம் 140 கோடி வெள்ளி. 2023இல் அது 1,430 கோடி. நான்கே ஆண்டில் பத்து மடங்கு. இதே காலத்தில் டீசல் வாகனங்களின் எண்ணிக்கை கூடியது 3 விழுக்காடுதான் என்று அரசாங்கமே சொன்னது. உலக விலை ஏறியது ஒரு காரணம். ஆனால் எல்லைக்கு அப்பால் விலை அதிகமாக இருக்கும்போது, டாங்கி வைத்த லோரிக்கும் மீன்பிடிப் படகுக்கும் வேறு வேலை கிடைத்துவிடும். தொழிற்சாலைக்கு உரிய விலையில் வாங்க வேண்டியவர்களும் சாலையோர நிலையத்தில் நிரப்பிக்கொண்டார்கள். வரி கட்டுபவரின் பணம் கள்ளத்தனமாகக் கடல் கடந்தது.

இவ்வளவு ஓட்டை உள்ள ஒன்றை ஏன் எந்த அரசாங்கமும் எளிதில் கைவிட முடியவில்லை? 2008க்கே திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அன்று விலையை ஏற்றிய அரசாங்கம் வெறுங்கையோடு வரவில்லை. 2,000 சிசி வரையிலான கார்களுக்கு ஆண்டுக்கு 625 வெள்ளியும், 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கு 150 வெள்ளியும் அஞ்சல் நிலையங்கள் வழியாகக் கொடுத்தது. கணக்குப் பார்த்தால் 625 வெள்ளி என்பது 800 லிட்டருக்கான விலை உயர்வை ஈடுகட்டும் தொகை. வாரம் நாற்பது லிட்டர் போடுபவருக்கு அது இருபது வாரம் தாங்கும். மிச்ச முப்பத்திரண்டு வாரம்? போதாக்குறைக்கு, அந்தப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நின்றால் வருவது. விலை உயர்வோ ஒவ்வொரு முறை நிலையத்துக்குள் நுழையும்போதும் கண்ணில் குத்துவது. பள்ளி வேன் ஓட்டுபவருக்கும் லோரிக்காரருக்கும் எது நினைவில் நிற்கும் என்று கேட்கவே வேண்டாம்.

தேர்தலுக்கு முன் ஒன்று, பின் ஒன்று

ஜனரஞ்சக அரசியல் என்றால் மேடையில் முழங்குவது மட்டுமல்ல. கசப்பு மருந்தைத் தேர்தல் தேதி பார்த்துக் கொடுப்பதும் அதில் அடக்கம். 2012இல் நஜிப் ரசாக் அரசாங்கம் பிரிம் என்ற ரொக்க உதவியைத் தொடங்கியது. மாத வருமானம் 3,000 வெள்ளிக்குக் குறைந்த குடும்பத்துக்கு 500 வெள்ளி. 2013 மே மாதம் பொதுத் தேர்தல் முடிந்தது. ஜூலை கடைசியில் ஃபிட்ச் என்ற கடன் தர மதிப்பீட்டு நிறுவனம், நாட்டின் கடன் நிலவரம் பற்றிய கண்ணோட்டத்தை எதிர்மறையாக்கியது. செப்டம்பரில் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்கு 20 காசு ஏறின. அக்டோபரில் சீனி மானியம் போயிற்று. பொருள் சேவை வரி வரப்போவதாக வரவு செலவு அறிக்கையில் அறிவிப்பும் வந்தது.

உலகமயம் என்பது இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. வாக்களித்தவர்கள் ஒரு பக்கம், கடன் கொடுத்தவர்கள் மறுபக்கம். முதலாமவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பேசுகிறார்; இரண்டாமவர் அன்றாடம் பேசுகிறார். எந்தப் பிரதமராக இருந்தாலும் இருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

2014 இறுதியில் ஒரு நல்ல வாய்ப்பு வாய்த்தது. ஆண்டின் நடுவில் 110 டாலரைத் தாண்டி நின்ற எண்ணெய் சரியத் தொடங்கியது. டிசம்பர் 1ஆம் தேதி பெட்ரோல் மானியம் முழுவதுமாக நீக்கப்பட்டது. அன்று பலகையில் இருந்த விலை 2 வெள்ளி 26 காசு; முந்தைய மாதத்தைவிட நான்கு காசு குறைவு! மறு ஆண்டு பிப்ரவரியில் அது 1 வெள்ளி 70 காசுக்கே வந்தது. நாட்டின் மிகப் பெரிய மானியம் போன சுவடு தெரியாமல் போயிற்று. ஆனால் மிச்சமான பணத்துக்குப் பதிலாக உனக்கு இதோ இது என்று கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் கட்டி எழுப்பப்படவில்லை. விலை மறுபடி ஏறிய நாளில் அந்தக் குறை தெரிந்தது.

அதற்குள் பொருள் சேவை வரி வந்துவிட்டது. 2007இல் வருவதாக இருந்து, தள்ளிப் போய்த் தள்ளிப் போய், 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காட்டில் தொடங்கியது. ஏட்டளவில் இது நல்ல வரி. ஒவ்வொரு கட்டத்திலும் விற்பவர் வரியை வாங்கி, தாம் ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்து, மிச்சத்தைச் சுங்கத் துறைக்கு அனுப்புவார். வரிக்கு மேல் வரி விழாது. ஏற்றுமதிப் பொருளின் மேல் சுமை இருக்காது. எண்ணெய் வருமானம் வற்றிய நேரத்தில் அது கைகொடுக்கவும் செய்தது. 2016இல் கூட்டரசு வருமானத்தில் எண்ணெயின் பங்கு 15 விழுக்காட்டுக்கு அருகே இறங்கிவிட்டது; 2017இல் இந்த வரி மட்டும் சுமார் 4,400 கோடி வெள்ளி கொடுத்தது. கஜானா தப்பியது.

மக்கள் மட்டும் ஏன் வெறுத்தார்கள்? இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 2014இல் பணவீக்கம் 3 விழுக்காட்டுக்கு மேல். வரி வந்த 2015இல் அது 2.1 விழுக்காடு. புள்ளிவிவரப்படி விலைவாசி ஏற்றம் தணிந்திருக்கிறது. காரணம் மலிந்த பெட்ரோல். ஆனால் பெட்ரோலில் மிச்சமான காசுக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை. வரிக்கோ ஒவ்வொரு ரசீதிலும் தனி வரி இருந்தது: ஜிஎஸ்டி 6 விழுக்காடு. சந்தையில் 100 வெள்ளிக்குச் சாமான் வாங்கினால் ஆறு வெள்ளி எங்கே போனது என்று அச்சிட்டே காட்டினார்கள். அரிசிக்கும் சீனிக்கும் வரி கிடையாது என்பது விளம்பரத்தில் இருந்தது. வாழை இலைச் சாப்பாட்டின் விலை ஏறியது தட்டில் தெரிந்தது. அதே காலத்தில் 1எம்டிபி விவகாரம் வேறு. கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்ற சந்தேகம் எழுந்துவிட்டால், வரி எவ்வளவு செம்மையாக வகுக்கப்பட்டிருந்தாலும் பயனில்லை.

சிறு வியாபாரிகளின் குறை இன்னொன்று. தாங்கள் கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வர மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். திருப்பித் தரப்படாத தொகை 1,940 கோடி வெள்ளி என்று 2018இல் அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங் நாடாளுமன்றத்தில் சொன்னார். அந்தப் பணம் எப்படிக் கையாளப்பட்டது என்பதில் கட்சிகளுக்கிடையே வாக்குவாதம் நீண்டது. காத்திருந்த கடைக்காரருக்கு அந்த வாக்குவாதத்தால் என்ன லாபம்?

நூறே நாளில் ஜிஎஸ்டியை ஒழிப்போம் என்று பக்காத்தான் ஹராப்பான் சொன்னது. 2018 மே 9ஆம் தேதி ஆட்சி மாறியது. ஜூன் 1 முதல் வரி சுழியமானது. செப்டம்பர் 1இல் பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. அதில் கிடைத்த வருமானம் கணிசமாகக் குறைவு. விற்பனை வரி தொழிற்சாலையிலும் துறைமுகத்திலும் ஒரே முறை விழுவதால் கடை ரசீதில் தெரியாது. தெரியாத வரிக்கு எதிர்ப்பும் குறைவு. விலைகள் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்பது பிறகு புரிந்தது. பெட்ரோலும் 2 வெள்ளி 20 காசில் நிறுத்தப்பட்டது. 2021 முதல் 2 வெள்ளி 5 காசில் நின்றது. உக்ரேன் போர் வெடித்து உலக விலை ஏறிய 2022இல், மானியச் செலவு 7,000 கோடி வெள்ளியைத் தாண்டும் என்று அன்றைய அரசாங்கம் கணித்தது.

இடையில் ரொக்க உதவிக்கு மட்டும் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. பிரிம், பிறகு பந்துவான் சாரா ஹிடுப், பிறகு பந்துவான் பிரிஹாத்தின் ராக்யாட், பிறகு பந்துவான் கெலுவார்கா மலேசியா, 2023இல் சும்பாங்கான் துனாய் ரஹ்மா. ஒவ்வோர் அரசாங்கமும் தன் முத்திரையைக் குத்தியது. பெயர் மாற்றிய அளவுக்கு, வருமானம் திடீரென்று நின்ற குடும்பத்தை உடனே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில் யாரும் அக்கறை காட்டவில்லை. 2024 ஜனவரியில் பாடு என்ற தரவுத் தளம் அதற்காகவே திறக்கப்பட்டது. மக்கள் தாங்களே விவரங்களைப் பதிய வேண்டும். ஆர்வத்தைவிடத் தயக்கமே அதிகம் தெரிந்தது.

ஆறு காசு இறக்கம்

2022 நவம்பரில் அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். 2008இல் பெட்ரோல் விலையைக் குறைப்போம் என்று மேடை மேடையாகச் சொன்னவர், 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலையை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக்கினார். வரலாறு இப்படியும் ஆளைத் தேடி வரும். ஆனால் 2008ஐவிட இம்முறை ஏற்பாடு கெட்டியாக இருந்தது. தகுதியுள்ள டீசல் வாகன உரிமையாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 வெள்ளி வங்கிக் கணக்குக்குப் போனது. பதிந்துகொண்ட சரக்கு லோரிகளுக்குத் தனி அட்டை மூலம் பழைய விலை. பள்ளிப் பேருந்துக்கும் மீனவருக்கும் அதற்கும் கீழே. அட்டை கிடைக்கத் தாமதமான சிறு லோரிக்காரர்கள் முதல் சில வாரம் திண்டாடினார்கள் என்பதும் உண்டு. சபா, சரவாக், லாபுவானில் விலை தொடப்படவில்லை. ஆண்டுக்கு 400 கோடி வெள்ளி மிச்சமாகும் என்றது அரசாங்கம். எண்ணெய் நிலையங்களில் டீசல் விற்பனை சட்டென்று குறைந்ததைப் பார்த்தபோது, அதுவரை எவ்வளவு ஒழுகியிருக்கிறது என்பது புரிந்தது.

பெட்ரோலுக்கு வந்தபோதுதான் அரசியல் தன் கைவரிசையைக் காட்டியது. மேல்தட்டு 15 விழுக்காட்டினருக்கு மானியம் இருக்காது என்று 2024 அக்டோபரில் வரவு செலவு அறிக்கை சொன்னது. யார் அந்த 15 விழுக்காடு? கோலாலம்பூரில் வீட்டுக் கடனும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஆசிரியத் தம்பதி பணக்காரரா? ஓராண்டு விவாதம் நடந்தது. 2025 செப்டம்பர் 30இல் நடப்புக்கு வந்த திட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை. மைகாட்டும் ஓட்டுநர் உரிமமும் உள்ள குடிமக்கள் அனைவருக்கும் மாதம் 300 லிட்டர்வரை லிட்டர் 1 வெள்ளி 99 காசு. மற்றவருக்கு 2 வெள்ளி 60 காசு. மானியச் சீர்திருத்தம் என்று பேர், பலகையில் பார்த்தால் ஆறு காசு இறக்கம்!

கணக்காளர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார். மேல்தட்டுக்காரருக்கும் மானியம் தொடர்ந்தது அல்லவா? உண்மைதான், அது குறையே. ஆனால் அதிகம் குடிக்கும் வாகனத்துக்கு 300 லிட்டரில் வரம்பு விழுந்தது. தொழில் நிறுவனங்களும் வெளிநாட்டவரும் வெளியே போனார்கள். அன்று இரவு நிலையங்களில் வரிசையும் நிற்கவில்லை, தெருவில் கோஷமும் எழவில்லை. ஏட்டில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஜிஎஸ்டி மூன்றே ஆண்டில் மாண்டதை நினைத்தால், அறுபது மதிப்பெண் வாங்கி உயிரோடு இருக்கும் திட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு.

சட்டை இன்னும் ஓரிடத்தில் கிழிந்துதான் இருந்தது. குடிமக்கள் என்று கோடு போட்டபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். இந்நாட்டிலேயே பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து, பிறப்புப் பத்திரம் இல்லாத ஒரே காரணத்தால் சிவப்புக் கார்டோடு முதுமை எய்திய தமிழர்கள் அவர்களில் இருக்கிறார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் வரும் அந்தப் பெரியவர் மகனுடைய மைகாட்டை நீட்டித் தப்பவும் வழியில்லை. அட்டை எவருடையதோ, உரிமை அவருடையது. அன்றைய விதிப்படி, நேற்று விமானத்தில் வந்திறங்கியவருக்கு என்ன விலையோ அதே 2 வெள்ளி 60 காசுதான் அவருக்கும்.